மதில் ஓட்டைக்கு முன்னால் ஒரு கமரா

சித்தப்பாவின் வீடு கொழும்பை ஒட்டிய நாவலயில். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. சற்றுத் தூரம் போய்ச் சதுப்பு நிலத்தில் கலந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் வளவின் பின்புறம் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, 11 கோய் மீன்கள் வாங்கி விட்டார். 2019 ஆவணியில் அவை ஒன்பதாகின. ஒரு கிழமை கழித்து ஏழு. காலையில் தொட்டி விளிம்பில் இரண்டு மூன்று செதில்கள் ஒட்டிக் கிடக்கும். வேறு தடயம் எதுவும் இருக்காது.

"உது கபரகொய்யான்ர வேலை" என்றார் சித்தப்பா. தண்ணீரில் திரிகிற பெரிய உடும்பைத்தான் அப்படிச் சொல்வோம். சித்திக்குப் பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை மேல் சந்தேகம். ஒழுங்கை முனையில் திரீவீல் நிறுத்தும் ஐயா மட்டும் நீர்நாய் என்று உறுதியாகச் சொன்னார். சின்ன வயதில் அந்த வாய்க்காலில் அவர் பார்த்திருக்கிறாராம்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து மச்சான் வந்தார். என்ன கொண்டுவர என்று முன்கூட்டியே கேட்டிருந்தார். நான் கேட்டது ஒரு ட்ரெயில் கமரா. மரத்தில் கட்டிவிட்டு வந்தால், மிருகம் கடக்கும்போது தானாகவே படம் எடுக்கும் பெட்டி. வீட்டில் அதற்குப் 'பெட்டிக் கமரா' என்று பெயர் வைத்துவிட்டோம். மீன் கள்ளனைப் பிடிக்க ஒரு கிழமை போதும் என்று நினைத்தேன். முதல் நல்ல படம் கிடைக்க ஆறு கிழமை ஆனது. அந்த ஆறு கிழமையில் விட்ட பிழைகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கொழும்பில் இதைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அவற்றையேதான் விடுவார்கள்.

முதல் பிழை, கமராவை வீட்டுக்குள் வைத்தது. மழையில் நனையும், யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் குசினி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால், தொட்டியைப் பார்த்தபடி வைத்தேன். நாலு இரவு போயும் ஒரு படம் கூட இல்லை. ஐந்தாம் நாள் நானே தொட்டியைச் சுற்றி நடந்து பார்த்தேன். அதுவும் பதியவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து அது எப்படி வேலை செய்கிறது என்று ஒழுங்காகப் படித்தேன்.

இந்தக் கமராவுக்கு இரண்டு கண்கள். மேலே இருப்பது படம் எடுக்கும் வில்லை. கீழே வெள்ளைக் குமிழ் மாதிரி இருப்பது பிஐஆர் என்ற உணரி. அந்தக் குமிழ் பார்ப்பது வெப்பத்தை. தனக்கு முன்னால் இருக்கும் இடத்தைப் பல பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பட்டையின் சூடு சட்டென்று மாறினால் கமராவை எழுப்பிவிடும். சுற்றியுள்ள நிலத்தை விடச் சூடான, அல்லது குளிரான, ஏதோ ஒன்று ஒரு பட்டையிலிருந்து மற்றதற்கு நகர வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்த வெப்பக் கதிரை உள்ளே விடாது. இரவில் இன்னொரு தொல்லையும் உண்டு: கமரா வீசும் அகச்சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து படத்தை வெள்ளையாக்கிவிடும்.

இதற்கு முந்திய காலத்தில் கம்பிதான் இந்த வேலையைச் செய்தது. 1890களில் ஜோர்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர், மான்கள் கம்பியில் இடறித் தாங்களே ஃபிளாஷைத் தட்டிவிடும்படி அமைத்து இரவுப் படங்கள் எடுத்தார். 1906 இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழில் அவை வெளியாகின. அவருடைய ஃபிளாஷ் ஒரு வெடியோசையோடுதான் எரியும், மிருகம் திகைத்து ஓடும். இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 850 நானோமீட்டர் எல்இடி உள்ள கமராக்கள் எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். வெளிச்சம் தூரம் போகும். 940 நானோமீட்டர் என்றால் கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. நகரத்து வளவுகளில் எட்டிப் பார்க்க வேண்டிய தூரமே ஐந்தாறு மீட்டர்தான், கள்ளர் பயமும் உண்டு. அதனால் 940 தான் எங்களுக்குச் சரி.

இரண்டாவது பிழை உயரம். கமராவை மாமரத்தில் என் நெஞ்சளவு உயரத்தில் கட்டி, தொட்டியை நோக்கி விட்டேன். மனிதர் நின்று பார்க்கிற உயரம் அது. கிடைத்ததெல்லாம் முதுகுகள். ஒரு கீரியின் முதுகு, கடுவன் பூனையின் முதுகு, ஒரு மரநாயின் வால். பகலில் அதுவும் இல்லை. படத்தின் அடியில் வரும் பட்டியில் வெப்பநிலை போட்டிருக்கும். மத்தியானங்களில் 33, 34 என்று காட்டியது. கொழும்பு வெயிலில் சூடேறிய நிலத்துக்கும் ஒரு கீரியின் ரோமத்துக்கும் இடையில் உணரிக்குத் தெரிகிற வித்தியாசம் அவ்வளவு இல்லை. குளிர் நாடுகளில் 20 மீட்டரில் பிடிக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை இங்கே நம்பக்கூடாது. பகலில் நாலு மீட்டர், இரவில் எட்டு மீட்டர் என்று கணக்குப் போட்டுத்தான் நான் இப்போது வைக்கிறேன்.

ஆனால் கபரகொய்யா மட்டும் பட்டப்பகலில் தெளிவாக விழுந்தது, அதுவும் வாய்க்காலிலிருந்து ஏறி வந்த உடனே. எனக்கு அது புதிராக இருந்தது. குளிர் இரத்தப் பிராணிக்கு உடல் சூடு ஏது? பிறகு விளங்கியது. தண்ணீரில் நனைந்த குளிர்ந்த உடம்போடு கொதிக்கிற சீமெந்தின் மேல் அது நடக்கும்போது, உணரிக்கு அது ஒரு குளிர்ந்த பொருளாக நகர்கிறது. அந்த வித்தியாசமே போதும். அந்தப் படங்களில் அது தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை, வாழையடியில் எதையோ கிளறிவிட்டுப் போய்விட்டது. சித்தப்பா தன் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கினார்.

மீன் ஐந்தானது.

அதற்குப் பிறகு ஒரு போயா விடுமுறை நாளில் நான் கமராவைத் தொடவே இல்லை. காலை ஏழு மணிக்கே போய், பின்வளவு முழுவதையும் குந்தியிருந்து பார்த்தேன். மதிலோரமாக, குரோட்டன் செடிகளுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் வாய்க்காலுக்குப் போவதற்கு ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். இரண்டு சாண் அகலம், அதைவிடச் சற்று உயரம். அதன் ஒரு பக்க விளிம்பில் பாசி இல்லை. மற்றப் பக்கமெல்லாம் பச்சைப் பாசி படர்ந்திருக்க, அந்த ஒரு ஓரம் மட்டும் ஏதோ தினமும் உரசி உரசிப் போவதுபோல வழவழப்பாக, சேறு பூசிப் பளபளத்தது. கீழே சேற்றில் வட்டமான காலடி ஒன்று. நாலு விரல், நடுவில் ஒரு திண்டு. பக்கத்து வீட்டுக் கடுவனின் அடியை அடுத்திருந்த மணலில் பார்த்தேன். அதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. ஒரு விரல் நுனியில் நகம் பட்ட சின்னப் புள்ளி.

அன்றைக்குத்தான் கமராவை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மிருகம் தொட்டிக்கு வருகிறது என்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியைச் சுற்றி அது எந்தப் பக்கத்திலும் நிற்கலாம். ஆனால் வளவுக்குள் வர அதற்கு ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலைக் கண்டுபிடிக்கக் கமரா உதவாது, முழங்கால் மடித்துக் குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஓட்டையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, நிலத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே, சுமார் 40 சென்ரிமீட்டர் உயரத்தில் ஒரு கட்டையை நட்டுக் கட்டினேன். நேர் எதிரே வைத்தால் மிருகம் கமராவை நோக்கியே வரும். பட்டைகளைக் குறுக்கே கடக்காததால் உணரி பிந்தித்தான் விழிக்கும். முழுக் குறுக்காக வைத்தால் விழிக்கும்போது மிருகம் போய்விட்டிருக்கும். ஆகவே 45 பாகை அளவில் சரிவாக வைத்தேன். வில்லை வடக்கைப் பார்க்க விட்டேன், ஏனென்றால் கிழக்கோ மேற்கோ பார்த்தால் காலை மாலை வெயில் நேரே அடித்து வீண் படங்களாகக் குவியும். முதல் இரவின் படங்கள் கிட்டத்தில் எல்லாம் வெளிறிப் போயிருந்தன. மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளை ஒட்டுப்பட்டியை எல்இடிகளின் பாதிக்கு மேல் ஒட்டினேன். வெளிச்சம் மென்மையாகி எல்லாம் சரியானது.

மூன்றாம் இரவு, 2 மணி 47 நிமிடம். மூன்று படங்கள் தொடர்ச்சியாக. முதலாவதில் மதில் ஓட்டையிலிருந்து ஒரு தலை மட்டும். அகன்ற, கனத்த தலை. காதுகள் சிறியவை, வட்டமாகப் பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தன. இரண்டாவதில் முன்பாதி உடல் வெளியே. கழுத்திலிருந்து தோளுக்குக் கருங்கோடுகள், அதன்பின் உடல் நீளத்துக்கு வரிசை வரிசையாகப் புள்ளிகள். மூன்றாவதில் அது தலையைத் திருப்பி நேரே கமராவைப் பார்க்கிறது, கண்கள் இரண்டு வெள்ளைத் தட்டுகளாக எரிகின்றன. பின்னால் தடித்த, கட்டையான வால். வீட்டுப் பூனையின் வால் போல நீண்டு வளையவில்லை.

மடிக்கணினித் திரையை அப்படியே சித்தப்பாவின் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, உது புலிக்குட்டியெல்லோ?"

"இல்லைச் சித்தப்பா. மீன்பிடிப் பூனை."

"கொழும்பிலயோ?"

அந்தக் கேள்வியை இதற்குப் பிறகு நான் பலர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். சிங்களத்தில் இதற்கு ஹந்துன் திவியா என்று பெயர். திவியா என்றால் சிறுத்தை. பெயரே அப்படி இருப்பதால் சிறுத்தைக்குட்டி என்று பயந்து கூச்சல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் வீட்டுப் பூனையைப் போல இரண்டு மூன்று மடங்கு எடையுள்ள காட்டுப் பூனை இனம் இது. இலங்கையில் உள்ள நாலு காட்டுப் பூனை இனங்களில் ஒன்று. விரல்களுக்கு இடையில் பாதிச் சவ்வு உண்டு, நகங்கள் முழுவதும் உள்ளே மடங்குவதில்லை. சேற்றில் நான் பார்த்த நகப்புள்ளி அதுதான். தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும், நீந்தும். உலக அளவில் ஆபத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கொழும்பில் அவை வாய்க்கால்கள், சதுப்புகள், வீட்டு வளவுகள் வழியாகவே நடமாடுகின்றன என்பதை அன்யா ரத்நாயக்க என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்கிறவர்களும் கழுத்துப் பட்டி மாட்டிப் பின்தொடர்ந்து காட்டியிருக்கிறார்கள். 2018 இல் கொழும்பு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. அந்தச் செய்தியைப் பேப்பரில் வாசித்தபோது வெறும் விருதாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த ஈரநிலத்தில் குடியிருப்பவர்களில் ஒருவர் சித்தப்பாவின் மதிலால் புகுந்து வருகிறார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அடுத்த சில கிழமைகளில் ஒரு விசித்திரம். உள்ளே வரும் படங்கள் ஒழுங்காக விழுந்தன. வெளியே போகும் படம் ஒன்று கூட இல்லை. வேறு வழியால் போகிறதாக்கும் என்று மதில் முழுவதும் தேடினோம். ஆனால் சேற்றில் திரும்பிப் போகும் அடிகள் அதே ஓட்டையில்தான் இருந்தன. ஈரம்தான் காரணம். வரும்போது ரோமம் காய்ந்திருக்கும், உடல் சூடு தெரியும். தொட்டியில் இறங்கிவிட்டுப் போகும்போது வெளி ரோமம் முழுக்க நனைந்து, இரவுக் காற்றின் குளிருக்கு வந்துவிடும். உணரிக்கு அப்போது அது சுவரோடு சுவராகத்தான் தெரிகிறது. நீர்நாயைத் தேடிக் கமரா வைக்கிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. தண்ணீர்க் கரையிலேயே வைக்காமல், அது உடம்பை உதறிக் கொஞ்சம் நடந்த பிறகு வரும் இடத்தில் வைப்பது நல்லது.

கருவாடு கட்டித் தொங்கவிட்டால் நன்றாக வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஒரு தடவை செய்தேன். காகம், தெருநாய், ஐந்து வீட்டுப் பூனைகள். மீன்பிடிப் பூனை நாலு இரவு வரவில்லை. வீட்டுப் பூனைகளையும் அதையும் ஒரே இடத்தில் கூட்டுவது நோய் பரப்புகிற வேலை என்று பிறகுதான் யோசித்தேன். இனிமேல் ஒருபோதும் இரை வைக்க மாட்டேன். அது தன் பாட்டில் போகிற வழியில் எடுக்கிற படம்தான் எனக்கு வேண்டும்.

இதைவிடப் பெரிய பாடம் 2019 நவம்பரில் கிடைத்தது. ஆசை கூடி, வாய்க்கால் கரையில், மதிலுக்கு வெளியே ஒரு மரத்தில் கமராவைக் கட்டினேன். பச்சையும் கபிலமும் கலந்த பெட்டி, கறுப்புப் பட்டி, ஒரு கம்பிப் பூட்டு. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வாய்க்காலில் புல் அள்ள வந்தவர்கள் கண்டுவிட்டார்கள். நான் அலுவலகத்தில் இருந்தபோது சித்தியின் அழைப்பு: "கெதியா வாங்கோ தம்பி, பின்னால சனம் கூடி நிக்குது, பொலிசும் வந்திட்டுது."

போகும்வரை என் கைகள் நடுங்கின. இந்த நகரத்தில் ஒரு தமிழன், மரத்தில் கட்டிய மர்மப் பெட்டி, அதைப் பற்றி அரைகுறைச் சிங்களத்தில் விளக்கம். என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன். வந்திருந்த அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் மடிக்கணினியில் கார்டைப் போட்டு, முதல் நாள் இரவின் படங்களைக் காட்டினேன். ஒரு முள்ளம்பன்றி, பிறகு ஒரு மரநாய், பிறகு பூனை. அவர் குனிந்து பார்த்தார். கூட்டமும் பின்னால் வந்து நின்று பார்த்தது. ஹந்துன் திவியா என்று யாரோ ஒருவர் மெதுவாகச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்து, உங்கள் பெயரும் டெலிபோன் இலக்கமும் மூன்று மொழியிலும் இதில் ஒட்டியிருந்தால் எங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லையே என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அன்றிலிருந்து என் எல்லாக் கமராக்களிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: இது வனவிலங்குகளைப் படமெடுக்கும் கமரா, ஆபத்தில்லை, இன்னாரை அழையுங்கள். தனியார் வளவுக்கு வெளியே எழுத்தில் அனுமதி இல்லாமல் வைப்பதில்லை. வாய்க்கால் கரை பொதுவாக அரச காணி. ஈரநிலப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் அந்தந்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வளவுக்குள் வைத்தாலும் அயலவரின் ஜன்னலோ கிணற்றடியோ படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்வேன். தவறி மனிதர் விழுந்தால் அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிடுவேன். அயல் வீடுகளுக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. அந்த நாளில் கூடிநின்ற சனத்தில் மூன்று பேர் இன்றும் தங்கள் வளவில் காலடி கண்டால் எனக்குப் படம் அனுப்புகிறார்கள்.

அடுத்த இழப்பு ஒரு வாழையிலையால் வந்தது. 2020 மார்ச் 20 ஊரடங்கு போட்டார்கள். முதல் நாள் மாலைதான் ஓட்டைக்கு முன்னால் புதுப் பற்றரியும் வெற்றுக் கார்டும் போட்டு வந்திருந்தேன். நான் வெள்ளவத்தை ஃபிளாட்டில் அகப்பட்டுக்கொண்டேன். கொழும்பில் மே 26 தான் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். தெருவில் வாகனமே இல்லாத அந்த இரண்டு மாதத்தில் வாய்க்கால் பக்கம் என்னென்ன நடமாடியிருக்கும் என்று ஒவ்வொரு இரவும் கற்பனை செய்துகொண்டு படுத்தேன். போய்த் திறந்தால் கார்ட் நிரம்பியிருந்தது. நாலாயிரத்துக்கு மேல் படங்கள். அத்தனையும் வெயிலில் சூடாகிக் காற்றில் ஆடுகிற ஒரு வாழையிலை. முதல் ஆறு நாளில் பற்றரி செத்துவிட்டது. நான் வைத்தபோது அந்த இலை குருத்தாகச் சுருண்டிருந்தது. இரண்டே நாளில் விரிந்து படச் சட்டத்துக்குள் விழுந்துவிட்டது.

ஆகவே, கமராவுக்கு முன்னால் இருப்பதை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். இங்கே புல் ஒரு கிழமையில் முழங்காலுக்கு வரும். உணரியின் கூர்மையைப் பகல் வெப்பத்தில் நடுத்தரத்துக்குக் குறைத்து வையுங்கள். ஒரு தடவைக்கு மூன்று படம், பிறகு 10 விநாடி இடைவெளி என்பது எனக்கு ஒத்துவருகிறது. இரவு வீடியோ ஆசையைத் தூண்டும், ஆனால் எல்இடி எரிந்துகொண்டே இருப்பதால் பற்றரியைக் குடித்துவிடும்.

பற்றரி பற்றியும் கொஞ்சம். சாதாரண அல்கலைன் எட்டைப் போட்டு மழைக்காலத்தில் விட்டேன். இரண்டு கசிந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்கைப் பச்சையாக அரித்துவிட்டன. இப்போது திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் வகைதான். அவை 1.2 வோல்ட் என்பதால் சில கமராக்கள் பற்றரி குறைவு என்று பொய்யாகக் காட்டும், பயப்பட வேண்டாம். 2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போனபோது, இரண்டு தொகுதி வைத்திருந்து, கரண்ட் வந்த நேரம் பார்த்து மாற்றி மாற்றிச் சார்ஜ் செய்தேன். பற்றரியைக் கழற்றினால் சில கமராக்களில் திகதியும் நேரமும் பழைய இடத்துக்குப் போய்விடும். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நீர்நாய்ப் படத்தில் 2018 ஜனவரி 1 என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் கமரா அப்போது என் கையில் இருக்கவே இல்லை. அதற்குப் பிறகு, ஒவ்வொரு தடவை கார்ட் மாற்றும்போதும் கைத்தொலைபேசியின் மணிக்கூட்டைக் கமராவுக்கு முன்னால் பிடித்து முதல் படமாக எடுத்துவிடுகிறேன். நேரம் பிழைத்தாலும் கணக்குப் பார்த்துத் திருத்தலாம்.

ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன் ரப்பர் ஓரங்களைத் துடைத்து, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். எறும்பு இன்னொரு பெரிய எதிரி. ஒரு முறை மூடியைத் திறந்ததும் பற்றரிகளுக்கு இடையில் வெள்ளை அரிசி கொட்டியது போலிருந்தது. எல்லாம் எறும்பு முட்டை. வாய்களில் முட்டையைக் கவ்விக்கொண்டு அவை நாலா பக்கமும் ஓடின. கட்டும் பட்டியிலும் கட்டையிலும் வாஸ்லின் ஒரு விரலகலம் பூசியதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

படம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு தவறு சித்தப்பா வீட்டிலேயே நடந்தது. அவர் அதைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட, அது எங்கெங்கோ போய், மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் கேற்றில் வந்து நின்றார். பூனை எத்தனை மணிக்கு வரும், கூடு வைக்கலாமா என்று கேட்டார். சித்தப்பா மிகவும் கலங்கிப் போனார். மீன்பிடிப் பூனையைப் பிடிப்பதும் கொல்வதும் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். காயப்பட்டதையோ அகப்பட்டதையோ கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். இடம் தெரியும்படியான எந்தப் படத்தையும் நாங்கள் இப்போது வெளியே விடுவதில்லை. அடிப்பட்டியையும் மதிலையும் வெட்டிவிட்டுத்தான் அனுப்புவோம். இதில் ஒழுங்கையையும் தொட்டி இருக்கும் திசையையும் நான் சொல்லாமல் விட்டதும் அதனால்தான்.

2021 இல் இரண்டாவது கமரா ஒன்று வாங்கினேன். ஒரு பூனையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல இருக்காது. ஒரு கமராவில் இடப்பக்கம் ஒரு நாள், வலப்பக்கம் இன்னொரு நாள் விழுந்தால் அது ஒரே பூனையா, இரண்டா என்று சொல்ல முடியாது. 1990களில் உல்லாஸ் கரந்த் என்ற இந்திய ஆய்வாளர் கர்நாடகத்தின் நாகரஹொளைக் காட்டில் புலிகளை அவற்றின் வரிகளைக் கொண்டு எண்ணியபோதும் கமராக்களைச் சோடியாகத்தான் எதிரெதிரே வைத்தார்கள். நானும் வழியின் இரண்டு பக்கமும் வைத்தேன், ஒன்றின் வெளிச்சம் மற்றதன் வில்லையில் அடிக்காதபடி சற்று விலக்கி. படங்களைப் பெரிதாக்கி, தோளிலிருந்து இடுப்பு வரை புள்ளிகளைக் காகிதத்தில் பிரதி பண்ணினேன். வலத் தோளில் மூன்று புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கொக்கி மாதிரி வளைந்தது ஒன்று; அந்தக் கொக்கி இல்லாத, காது நுனி கிழிந்த பெரியது இன்னொன்று. நாங்கள் இரண்டு வருடமாக ஒரே ஆள் என்று நினைத்து வந்தது இரண்டு பேர்.

தொட்டியின் முக்கால் பாகத்துக்குச் சித்தப்பா கம்பி வலை போட்டுவிட்டார். அடியில் மீன் ஒளிய இரண்டு கொங்கிறீற்றுக் குழாய்கள். மீதி ஐந்து மீன்களும் இன்னும் இருக்கின்றன. பூனை வருவதும் நிற்கவில்லை; வளவைக் குறுக்கே கடந்து, முன் கானுக்குள் இறங்கிப் போகிறது.

2023 மழையில் பின்மதில் சரிந்தது. கட்ட வந்த மேசன் பாஸ் ஓட்டையை மூடிவிட்டு, தண்ணீருக்கு நாலு அங்குலக் குழாய் போதும் என்றார். சித்தப்பா கைத்தொலைபேசியை எடுத்து அந்த 2 மணி 47 படத்தைக் காட்டினார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் என்ன சொன்னாரோ, பாஸ் தலையாட்டிவிட்டு, பழைய இடத்திலேயே இரண்டு சாண் அளந்து செங்கல் விட்டுக் கட்டினார். கீழ் விளிம்பைக் கையாலேயே தடவி மழுமழுப்பாக்கினார்.

19 இரவுகள் ஒன்றும் வரவில்லை. சித்தப்பா தினமும் காலையில் என்னை அழைத்துக் கேட்பார். நான் அவரையே கார்டைக் கழற்றிப் பார்க்கப் பழக்கிவிட்டேன். இருபதாம் நாள் காலை ஆறு மணிக்கு அவர் அழைத்தபோது குரலிலேயே தெரிந்துவிட்டது. மூன்று படங்கள், 3 மணி 12 நிமிடம். முதலாவதில் புதுச் சீமெந்தின் மேல் மூக்கை வைத்து மோந்துகொண்டு நிற்கிறது, தோளில் கொக்கி. இரண்டாவதில் பாதி உடல் உள்ளே. மூன்றாவதில் மதில் மட்டும்.